கதவு சாத்தத் தெரியாத கம்ப்யூட்டர்

தம்பிக்கு வர வேண்டிய சிறுநீரகம் வேறு யாருக்கோ போய்விட்டது என்ற செய்தி வந்தபோது தையல்காரி ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். போனில் சொன்னவர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் இருக்கும் ஆபரேட்டர். நல்ல மனுஷன். கெட்ட செய்தி சொல்லும்போது கொட்டாவியை அடக்கிக்கொள்கிற அளவுக்கு நல்லவர்.

"உறுப்பு மையத்துலேருந்து கேள்வி வந்துச்சும்மா. ஒரு கிட்னி இருக்கு, உங்க பேஷண்டுக்குப் பொருந்துமா, ரிப்போர்ட் அனுப்புங்கன்னு. நம்ம மெஷின் அனுப்பி முடிக்கறதுக்குள்ள அவங்க அடுத்த ஆஸ்பத்திரியக் கேட்டுட்டாங்க."

"ஏன் அவ்வளவு நேரம் ஆச்சு?"

"அதுக்கு வேற வேலை இருந்துச்சு."

"என்ன வேலை?"

"நேர்ல வாங்கம்மா. போன்ல சொன்னா நான் குடிச்சிருக்கேன்னு நினைப்பீங்க."

தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். சிறுநீரகம் இரண்டும் கைவிரித்த பிறகு வேனை வேறொருவன் ஓட்டுகிறான். இவனை டயாலிசிஸ் மெஷின் ஓட்டுகிறது. அக்காவுடையது ஆகுமா என்று பார்த்தார்கள். பொருந்தவில்லை. "சின்ன வயசுலேருந்து நமக்குள்ள எது பொருந்துச்சு, இது பொருந்தறதுக்கு" என்று தம்பி சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. இந்த உடம்பு இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும், அதற்குள் மையத்திலிருந்து ஒன்று வந்தாக வேண்டும் என்றார். வந்தது. வந்த வழியே போயும்விட்டது.

கம்ப்யூட்டர் அறையில் ஆபரேட்டர் அவளுக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

"இண்டர்நெட்ல இருக்கற மெஷினுக்கெல்லாம் ஒரு மரியாதை உண்டும்மா. செய்தின்னு ஒண்ணு வந்தா உள்ள இருக்கற எண்ணையெல்லாம் கூட்டிப் பாக்கும். கவர் மேல எழுதியிருக்கற கூட்டுத்தொகையோட ஒத்துப்போனா, 'வந்துச்சு, சொல்லுங்க'ன்னு பதில் போடும். ஒத்துப்போகலன்னா தூக்கிக் கடாசிட்டு வாய மூடிக்கும்."

"நல்ல பழக்கம்தானே."

"நல்ல பழக்கம்தான் குடியக் கெடுத்துது. யாரோ தங்களோட கணக்க கவர்ல போட்டு இங்க அனுப்பறாங்க. விடை இதுவா இருக்குமா, அதுவா இருக்குமான்னு ஒவ்வொண்ணா. இது பாவம், ஏதோ முக்கியமான செய்தின்னு நினைச்சு உக்காந்து கூட்டுது. பதில் போட்டா அந்த விடை சரி. போடலன்னா தப்பு. ஊரான் வீட்டுக் கணக்க நம்ம வீட்டுப் புள்ள போட்டுக்கிட்டிருக்கு."

"கதவச் சாத்திட வேண்டியதுதானே?"

"மத்தவங்கல்லாம் சாத்திட்டாங்க. ஆஸ்பத்திரி மெஷின் எப்படிம்மா சாத்தும்? மையத்துக் கேள்வி எந்தத் திசையிலேருந்து வரும்னு யாருக்குத் தெரியும்? திறந்து கிடக்கறது நம்ம வீடுதான். அதான் கூட்டம் இங்க."

தட்டுகிறவர் யார் என்று கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. ஒவ்வொரு தட்டலிலும் 'ரகசியம்' என்று ஒரு முத்திரை இருந்தது. யாருடைய ரகசியம் என்பதில் குழப்பம் வரக்கூடாதென்று பக்கத்திலேயே பொதுக் கணிப்பு நிறுவனம் என்ற ஒன்று தன் முகவரியையும் போட்டிருந்தது.

நிறுவனம் பாலத்துக்கு அந்தப் பக்கம், உடம்பெல்லாம் கண்ணாடி போர்த்திய கட்டடம். உள்ளே கம்ப்யூட்டர் எதுவும் கண்ணில் படவில்லை. நாற்காலிகள்தான் இருந்தன. சாதாரண நாற்காலி, கை வைத்த நாற்காலி, கையும் தலையும் வைத்த நாற்காலி. எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று தெரியாமல் தையல்காரி நின்றாள். வரவேற்பறைப் பெண் ஒரு பெஞ்சைக் காட்டினாள்.

"ஒரு புகார் சொல்லணுங்க."

"சொல்லலாம். அதுக்கு முன்னால சும்மா ஒரு கேள்வி. ரெண்டு பேர் போட்டோவுக்கு நிக்கறாங்க. ஒருத்தர் நெட்டை, ஒருத்தர் குட்டை. நெட்டை பதவில சின்னவர். யாரை முன்னால நிறுத்துவீங்க?"

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று தையல்காரி நினைத்தாள். "குட்டையா இருக்கறவர முன்னால விடுங்க. ரெண்டு பேருக்கும் சரியாயிடும்."

வரவேற்பறைப் பெண் சிரித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள். "இன்னொண்ணு. ரெண்டு பேர் பேசிக்கறதில்ல..."

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பால்காரர் மெதுவாகச் சொன்னார். "நான் எங்க தெருவுல இவங்க வெட்டின பள்ளத்தப் பத்திச் சொல்ல வந்தேம்மா. வந்ததுலேருந்து பதில் சொல்லிட்டிருக்கேன். பள்ளத்தப் பத்தி ஒருத்தரும் கேக்கல."

"சொல்லாம இருந்து பாத்தீங்களா?"

"பாத்தேன். சொல்லலன்னா 'இல்லை'ன்னு எடுத்துக்கறாங்க."

ஒருவழியாக அவளைத் தட்டல் அதிகாரியிடம் அனுப்பினார்கள். குளித்து முடித்த குழந்தைபோல் பளபளவென்று இருந்தார். மேசைமேல் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பேசினார்.

"எங்க நிறுவனத்தோட மொத்த மெஷினும் இதாம்மா."

"இவ்வளவு சின்னதா கணக்குப் போடுமா?"

"இது போடாது. தட்டும். போடறது உலகம்." அவர் குரல் தழுதழுத்தது. "சொந்தமாக் கணக்குப் போடறது இங்க ஒழுங்கீனம். எங்க குமாஸ்தா ஒருத்தன் லீவு நாளை விரல் விட்டு எண்ணினான். எத்தனையோ தரம் எச்சரிச்சோம். கடைசில சஸ்பெண்ட் பண்ண வேண்டியதாப் போச்சு. திறமைசாலிதான், என்ன பண்றது, அவனுக்கு அடுத்தவனக் கேக்கத் தெரியல."

"அப்படி என்ன சார் கணக்கு? மருந்து கண்டுபிடிக்கறீங்களா?"

அதிகாரி கதவைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். "பொன்விழா. மேடையில யார் பக்கத்துல யார் உக்காரறது."

விளையாடுகிறாரா என்று தையல்காரி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சாதாரணமா நினைச்சுடாதீங்க. துணைத் தலைவர் இணைத் தலைவருக்கு இடப்பக்கம் உக்கார மாட்டார். இணைத் தலைவர் யாருக்குமே இடப்பக்கம் உக்கார மாட்டார். ஆலோசகருக்கு ஒரு காது மந்தம், ஆனா எந்தக் காதுன்னு சொல்ல மாட்டேங்கறார். பழைய பொருளாளர் முப்பது வருஷமா அவரோட பேசல. ஒரு ஆள நகர்த்தினா மேடை பூரா நகரணும். எத்தனை விதமா உக்காரலாம்னு பாத்தா ஆகாசத்து நட்சத்திரம் பத்தாது. ஒவ்வொரு விதத்தையும் ஒரு கவர்ல போட்டுத் தட்டறோம். உங்க ஆஸ்பத்திரி மெஷின் மாதிரி ஒண்ணு கிடைக்காதும்மா. தங்கம். முகஞ்சுளிக்காது."

"அது முகஞ்சுளிக்காம உங்களுக்குப் பதில் சொன்ன நேரத்துல என் தம்பியோட கிட்னி போயிடுச்சு சார்."

"ரொம்ப வருத்தம்" என்றார் அதிகாரி. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஆனா அது தனி மனுஷ வருத்தம். மேடையில ஒருத்தருக்குக் கௌரவக் குறைச்சல் வந்தா அது நிறுவன வருத்தம். ஆறவே ஆறாது."

"எங்க மெஷின மட்டும் விட்டுடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தாராளமா. விலக்குக் குழு கூடி முடிவு பண்ணணும். அறை ரெடி, ஆளுங்களும் ரெடி. குழுவுல யார் எங்க உக்காரறதுங்கற கணக்கு மட்டும் பாக்கி. பொன்விழாவுக்கு அடுத்தது அதான்."

அவள் அழுதாள். அழுகைக்கு அங்கே விதி எதுவும் இல்லை. ஆகையால் அதிகாரி பயந்துபோய் அவளைத் தலைமைக் கணிப்பாளரிடம் அழைத்துக்கொண்டு போனார்.

தலைமைக் கணிப்பாளர்தான் நிறுவனத்தின் தலைவர். மெல்லிய குரல், மெல்லிய விரல்கள், கனமான நாற்காலி. அவள் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"நாங்க யார் வீட்டுக்குள்ளயும் போகல அம்மா. வாசல்ல நிக்கறோம், தட்டறோம். யாருன்னு கேக்கறது அவங்க குணம். அந்த நல்ல குணம் ராப்பகலா உலகம் முழுக்கச் சும்மா கிடந்து வீணாப் போயிட்டிருந்துது. நாங்க அதப் பொறுக்கி எடுத்து ஒரு உபயோகத்துக்குக் கொண்டுவந்தோம். மனுஷங்க நல்லவங்களா இருக்கற வரைக்கும் இந்த நிறுவனத்துக்கு அழிவில்ல. கெட்டவங்களா ஆயிட்டா மட்டும்தான் எங்களுக்குச் சிரமம்."

"என் தம்பி செத்துப்போயிடுவான் ஐயா."

"கவலைப்படாதீங்க. மேடைக் கணக்கு இன்னைக்குக் காலையில முடிஞ்சுபோச்சு. தட்டறத நிறுத்தியாச்சு. சொல்லப்போனா நீங்க வந்தே இருக்க வேண்டாம்."

தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு தலைமைக் கணிப்பாளரின் மனதைத் தொட்டுவிட்டது.

"எங்களுக்கு உதவின மெஷினோட சார்புல ஒருத்தர் மேடையில உக்காரணும். எவ்வளவு பொருத்தம் பாருங்க. பொதுமக்கள் பிரதிநிதின்னு உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்றேன். வருவீங்கல்ல?"

பெரிய மனுஷன் கேட்கிறார். அதுவும் நல்ல சேதி சொன்ன வாயால் கேட்கிறார். தையல்காரி தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வழியில் ஆரஞ்சுப் பழம் வாங்கலாமா என்று நினைத்து, தம்பிக்கு ஆகாது என்பது நினைவு வந்து, வெறும் கையோடு போய்ச் செய்தியைச் சொன்னாள்.

மறுநாள் தட்டல் அதிகாரி போன் செய்தார்.

"உங்களுக்கு யாரோடயாவது மனஸ்தாபம் உண்டாம்மா? ஆலோசகர் வலப்பக்கம் இருந்தாப் பரவாயில்லையா?"

"யாரோடயும் இல்ல சார். எதுக்குக் கேக்கறீங்க?"

"நாற்காலி ஒண்ணு கூடிருச்சே. கணக்க முதல்லேருந்து ஓட விட்டிருக்கோம்."

அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. "மறுபடி தட்டறீங்களா? ஐயையோ, எனக்கு நாற்காலி வேண்டாம். எடுத்துடுங்க சார்."

"எடுத்தா ஒண்ணு குறையும்மா. அப்பவும் முதல்லேருந்துதான். அதுக்கு நீங்க பேசாம வந்து உக்காந்துடறது உத்தமம்."

அந்த வாரத்திலேயே மையம் இன்னொரு முறை கேட்டது. மெஷின் ஆலோசகரை வலப்பக்கமும் இடப்பக்கமும் மாற்றி மாற்றி உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டிருந்தது. ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தபோது சிறுநீரகம் வேறு ஊரில் ஒருவருடைய வயிற்றுக்குள் இருந்தது.

தையல்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். மறைக்கலாம் என்றுதான் வந்தாள். தம்பியின் வீங்கிய முகத்தைப் பார்த்தபின் பொய் வரவில்லை.

தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முடிந்ததும் சொன்னான்: "எனக்கு ஒரு கிட்னி போச்சு. உனக்கு ஒரு நாற்காலி வந்துச்சு. குடும்பத்துக்கு நஷ்டம் இல்லக்கா."

"அப்படிச் சொல்லாதடா."

"மெத்தை வச்ச நாற்காலியான்னு கேட்டியா? கேக்காம ஒத்துக்கிட்டிருப்ப. யார் என்ன கேட்டாலும் தலைய ஆட்டிடுவ. நீயும் அந்த ஆஸ்பத்திரி மெஷினும் கூடப் பொறந்திருக்கணும். ஏதோ தப்பா எனக்கு அக்காவா வந்துட்ட."

தம்பி அதற்குமேல் பேசவில்லை. பேச மூச்சு இல்லை.

பொன்விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. காலையிலிருந்தே மெஷின் அமைதியாக இருக்கிறது என்று ஆபரேட்டர் சொல்லியிருந்தார். கணக்கு முடிந்துவிட்டது. மேடையில் ஒவ்வொருவரும் உலகத்தின் கூட்டு முயற்சியால் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பொதுமக்கள் பிரதிநிதிக்கு ஆலோசகருக்கும் பழைய பொருளாளருக்கும் நடுவில் இடம். முப்பது வருஷப் பகை இரண்டு பக்கமும் அவள்மேல் அனலடித்தது. நாற்காலியில் மெத்தை இருந்தது.

முதலில் பரிசளிப்பு. 'சிறந்த பதிலளிப்பாளர்' கேடயத்தை ஆஸ்பத்திரி மேனேஜர் மேடையேறி வாங்கிக்கொண்டார். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருக்கிறதே என்ற குறை முகத்தில் தெரிந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் மக்கள் சேவையில் தங்கள் ஆஸ்பத்திரி கதவைத் திறந்து வைத்திருப்பதாகப் பேசினார். பிறகு தலைமைக் கணிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

பேச்சு நடுவில் போய்க்கொண்டிருந்தபோது தையல்காரியின் மடியில் போன் அதிர்ந்தது. குனிந்து முந்தானைக்குள் வைத்துக் கேட்டாள். ஆபரேட்டர்தான். முதல் தடவையாக அவர் குரலில் கொட்டாவி இல்லை.

"அம்மா, மையம் கேட்டிருக்கு. இந்தத் தடவை நம்மளத்தான் முதல்ல கேட்டிருக்காங்க. நல்லாப் பொருந்தற மாதிரி இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. ரிப்போர்ட், ஸ்கேன் படம் எல்லாம் போய்க்கிட்டிருக்கு. பழைய மெஷின், மெதுவாத்தான் போகும். போய் முடியற வரைக்கும் யாரும் தட்டாம இருந்தாப் போதும்."

"தட்ட மாட்டாங்க. கணக்கு முடிஞ்சிருச்சு" என்று அவள் கிசுகிசுத்தாள்.

பழைய பொருளாளர் காதில் அது விழுந்துவிட்டது. பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர், அவள் பக்கம் சாய்ந்தார். "எங்க முடிஞ்சுது? மேடைக் கணக்குதான் முடிஞ்சுது. விருந்துக்கு யார் எந்த மேஜைங்கறது இனிமேதானே. இவர் பேச்சுல யார் பேரச் சொன்னார், யார் பேர விட்டார்னு தெரிஞ்சப்புறம்தான் யார் யாரோட சாப்பிடுவாங்கன்னு தெரியும். அதோ பாருங்க, பேச்சு முடிஞ்ச நிமிஷம் தட்ட ஆரம்பிச்சுடுவான்."

மேடை ஓரத்தில் தட்டல் அதிகாரி, மடியில் பெட்டி, பெட்டிமேல் விரல்.

"கொஞ்சம் பொறுத்துத் தட்டச் சொல்லுங்க சார். என் தம்பி உயிர் சார்."

"சொல்லலாம். எந்திரிச்சுப் போய்ச் சொன்னா மேடைக் கணக்கு கெட்டுப்போகும். அதுக்கும் சேத்துத் தட்டுவான்."

ஒலிபெருக்கியில் தலைமைக் கணிப்பாளரின் குரல் தணிந்தது. "எனவே, நிறைவாக ஒன்று சொல்லி..." என்றார். மண்டபத்தில் ஆட்கள் செருப்பைத் தேடிக் காலை நீட்டும் சத்தம் கேட்டது. பின்கட்டிலிருந்து தட்டுகளை அடுக்கும் ஓசை வந்தது. அதிகாரியின் விரல் நிமிர்ந்தது.

தையல்காரிக்கு வாழ்நாளில் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. வாடிக்கையாளரிடம்கூட அளவு கேட்பதோடு சரி. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினாள்.

"ஐயா, ஒரு சந்தேகங்க."

தலைமைக் கணிப்பாளர் திரும்பினார். அந்த நிறுவனத்தின் ஐம்பது வருஷத்தில் அவரிடம் ஒருவரும் சந்தேகம் கேட்டதில்லை.

"அடுத்தவங்க நல்ல குணத்த உபயோகப்படுத்தணுங்கற யோசனை உங்களுக்கு எப்படிங்கய்யா வந்துச்சு?"

தலைமைக் கணிப்பாளரின் கண்ணில் மெல்ல ஈரம் கட்டியது. "நல்ல கேள்வி" என்றார். "இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் என் நடுவயதிலிருந்து தொடங்க வேண்டும்." தொடங்கினார். துணைத் தலைவர் பல்லைக் கடித்தார். பின்கட்டில் தட்டுகளின் ஓசை நின்றது.

அவள் போனைப் பார்த்தாள். 'போய்க்கிட்டிருக்கு' என்று செய்தி வந்திருந்தது. நடுவயது முடிந்து "ஆகவே, நிறைவாக" என்று வரும்போது மறுபடி கையைத் தூக்கினாள்.

"அந்தக் காலத்துல உங்களப் புரிஞ்சுக்காதவங்க யாராவது இருந்தாங்களாய்யா?"

இருந்தார்கள். ஏராளமாக இருந்தார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களில் பலர் மேடையிலேயே இருந்தார்கள். ஆலோசகர் மந்தமில்லாத காதைக் கையால் பொத்திக்கொண்டார். அது எந்தக் காது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை பசிக்கு அழுதது. வெளியே எழுந்து போகப் பார்த்தவர்கள், தங்கள் பெயர் எங்கே விட்டுப்போகுமோ என்று திரும்ப வந்து உட்கார்ந்தார்கள்.

"ஏம்மா, எங்க எல்லாரையும் கொன்னுடாதம்மா" என்றார் பழைய பொருளாளர். "எனக்குச் சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிடணும்."

தையல்காரி அவரைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. "ரொம்ப வருத்தங்க" என்றாள். உண்மையிலேயே வருத்தப்பட்டாள். பிறகு முன்னால் சாய்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்:

"ஐயா, எல்லாம் சொன்னீங்க. நீங்க பொறந்து வளந்ததப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லலியே."

தலைமைக் கணிப்பாளர் மைக்கை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேடைக்குக் கீழே யாரோ முனகினார்கள். தட்டல் அதிகாரி பெட்டியை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, மரத்துப்போன விரலை உதறினார்.

"பாதி போயிடுச்சும்மா" என்று போனில் செய்தி வந்தது.

தலைமைக் கணிப்பாளர் ஒரு மழை நாளில் பிறந்தார். பிறந்தபோது அழவில்லை என்று எல்லோரும் சொல்வார்களாம். தையல்காரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் தவறவிடாதவளைப் போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தார்.